செல்பேசிக்கும் விடுமுறை

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் கொடைக்கானலா, ஏற்காடா, வேளாங்கண்ணியா என்ற பேச்சு எழுகிறது. மாதக்கணக்கில் பணம் சேர்த்து, மூன்று நாளுக்கு அறை எடுத்து, மலை ஏறிப் போகிறோம். ஏரிக்கரையில் குதிரைச் சவாரி கேட்டுப் பிள்ளை கையைப் பிடித்து இழுக்கிறது. நாமோ அலுவலகத்திலிருந்து வந்த செய்தியைப் படித்துக்கொண்டு நிற்கிறோம். "ஒரு நிமிஷம் இரு கண்ணு" என்கிறோம். அந்த ஒரு நிமிடம் முடிவதேயில்லை. ஊர் திரும்பும்போது உடல் அலுப்பும் செலவுக் கணக்கும்தான் மிச்சம்.

இது ஏன் நிகழ்கிறது? ஒரு வேலையை முடிக்காமல் வேறொன்றுக்கு மாறும்போது நம் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எடுத்துக்காட்டினார். மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டு, பதில் எழுதாமல் மூடினாலும், அது நம்மோடு படகில் ஏறி அமர்ந்துகொள்கிறது!

புகைப்படத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இயேசு சபையினரின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியை லிண்டா ஹென்கல், மாணவர்களைக் கலைக்கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார். சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் விசாரித்தபோது, படம் எடுத்தவற்றைவிட வெறுமனே பார்த்தவையே அதிகம் நினைவில் இருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்தபோது இந்தக் குறை தோன்றவில்லை. 2014-இல் வெளியான ஆய்வு இது. ஆகவே கேமரா நமக்குப் பகையல்ல. பார்க்காமலே எடுத்துத் தள்ளுவதுதான் சிக்கல்.

மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தை நாம் அறிவோம். உண்ணவும் நேரமின்றிக் களைத்திருந்த திருத்தூதர்களை ஆண்டவர் தனிமையான இடத்திற்கு அழைத்துப் போகிறார். அவர்கள் படகில் போய்ச் சேருவதற்குள் மக்கள் கரைவழியே ஓடி அங்கே நிற்கிறார்கள். இன்று அப்படி நமக்கு முன்னால் போய் நிற்பது செல்பேசி. அந்த மக்களை ஆண்டவர் விரட்டவில்லை, பரிவு கொண்டார் என்பதும் உண்மையே. வீட்டில் தனியே இருக்கும் வயதான தாயின் அழைப்பை எடுக்காமல் இருக்க முடியுமா? அதையும் அலுவலகக் குழுவின் காலை வணக்கத்தையும் ஒன்றாக்கிவிடுவதில்தான் நாம் தவறுகிறோம்.

புறப்படும் முன்பே உடன் பணிபுரியும் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடலாம். யார் அழைத்தால் எடுப்பது என்று நாலைந்து பேரை மட்டும் குறித்துக்கொண்டு, மற்ற ஒலிகளை அணைத்துவிடலாம். முதல் நாள் கை தானாகவே சட்டைப்பையைத் தேடும். தேடட்டும். குதிரையில் ஏறிய பிள்ளை அந்த நேரம் பார்த்துத்தான் திரும்பி நமக்குக் கையசைக்கும்.