பாப்பம்மாவின் பெயர் எந்தப் பதிவேட்டில்?

காலை நேரத்தில் கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் நின்றால், இரு திசைகளிலும் வேலைக்குச் செல்லும் பெண்களைக் காணலாம். செங்கல்பட்டு பக்கம் செல்பவர்கள் மறைமலை நகரிலோ, மகேந்திரா சிட்டிக்காகப் பரனூரிலோ இறங்குவார்கள். சென்னைப் பக்கம் செல்பவர்களில் சிலர், ஆடை ஏற்றுமதி நிறுவனங்களும் இயங்கும் ‘மெப்ஸ்’ வளாகத்துக்காகத் தாம்பரம் சானடோரியத்தில் இறங்குவார்கள். கணினி முன் அமர்பவரும், தையல் இயந்திரத்தின் முன் அமர்பவரும், அவர்களுடைய அலுவலகத் தரையைத் துடைப்பவரும் ஒரே பெட்டியில்தான் பயணம் செய்கிறார்கள். இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு திரைப்படம் நினைவுக்கு வருகிறது.

1994-ல் வெளியான ‘மகளிர் மட்டும்’தான் அது. (2017-ல் ஜோதிகா நடித்து இதே பெயரில் வந்தது வேறு படம்.) சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்க, கிரேசி மோகன் வசனம் எழுத, கமல்ஹாசன் தயாரித்தார். கதைக்களம் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனம். ஆடை வடிவமைப்பாளர் சத்யாவாக ரேவதி, கணினி இயக்கும் ஜானகியாக ஊர்வசி, துப்புரவுப் பணியாளர் பாப்பம்மாவாக ரோகிணி. மூவருக்கும் பொதுவான தலைவலி, நாசர் நடித்த மேலாளர் பாண்டியன். காபியில் கலந்த எலிமருந்து, ஆள் மாறித் தூக்கி வரப்பட்ட பிணம் என்று கதை சிரிப்பலையில் ஓடுகிறது. பிணமாக நடித்த நாகேஷைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

1980-ல் ஜேன் ஃபோண்டா, லில்லி டாம்லின், டாலி பார்ட்டன் நடித்து ஹாலிவுட்டில் வந்த ‘நைன் டு ஃபைவ்’ படத்தின் தாக்கம் இதில் வெளிப்படை. ஆனால், அந்தப் படத்தின் மூன்று பெண்களும் மேசையின் முன் அமர்ந்து வேலை பார்ப்பவர்கள். தமிழிலோ மூன்றாமவர் கையில் துடைப்பம் இருக்கிறது. என் பார்வையில், இந்த ஒரு மாற்றம்தான் படத்தை வெறும் தழுவல் என்ற நிலையிலிருந்து உயர்த்துகிறது. தொல்லையைத் தனித்தனியே சகித்துக்கொண்டிருந்தவரை அது அவரவர் தலைவிதியாக இருந்தது. வடிவமைப்பாளரும் துப்புரவுப் பணியாளரும் ஒரு பக்கமாக நின்றபோதுதான் அது அலுவலகத்தின் குற்றமாகிறது. மூவரின் தன்மதிப்பும் தொடங்குவது அங்கேதான்.

படம் வந்தபோது, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. பாண்டியன் மீது புகார் எழுதினால் அது யாருடைய மேசைக்குப் போகும்? பாண்டியனின் மேசைக்குத்தான். எனவே, அவரை அலுவலகத்திலிருந்தே அகற்றுவதைத் தவிர கதைக்கு வேறு வழியில்லை. விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது 1997 ஆகஸ்ட் 13-ல். அவ்வழக்குக்குப் பின்னால் இருந்தவர் பன்வாரி தேவி. ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்துக்காகக் கிராமத்தில் பணியாற்றியவர்; குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-ல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டவர். குளிரூட்டப்பட்ட அலுவலகங்களில் இருப்பவர்களுக்கும் கிடைத்த பாதுகாப்பு, பணி வரிசையின் கடைசிப் படியில் நின்ற ஒருவரின் போராட்டத்திலிருந்து வந்தது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

நெறிமுறைகள் சட்டமாக மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் பெண் ஒருவர் தலைமையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்கலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதங்கள் அவகாசம் உண்டு. சிறு நிறுவனங்களில் பணியாற்றுவோருக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, தினக்கூலி பெறுபவரையும் ஒப்பந்ததாரர் வழியாக வருபவரையும் இச்சட்டம் ‘ஊழியர்’ என்றே கருதுகிறது என்பது.

காகிதத்தில் இது பாப்பம்மாவுக்கான சட்டம். ஆனால், இன்றைய பாப்பம்மாக்களில் பெரும்பாலோர் தாங்கள் சுத்தம் செய்யும் அலுவலகத்தின் பதிவேட்டில் இல்லை. சம்பளம் தருபவர் ஒருவர், வேலை வாங்குபவர் இன்னொருவர். தொல்லை தந்தவர் அந்த அலுவலகத்தின் ஊழியர் என்றால் அங்குள்ள குழுவிடமே அவர் புகார் அளிக்கலாம். எனினும், ‘நாளை முதல் வேறு ஆளை அனுப்புங்கள்’ என்று ஒப்பந்ததாரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போனால், புகாருக்கு முன்பே வேலை போய்விடும். திரைப்படத்தின் முடிவில் நல்ல அதிகாரியாகக் கமல்ஹாசனே சில நிமிடங்கள் வந்து போவார். சினிமாவில் அது எளிது.

உள்ளகக் குழு பற்றிய அறிவிப்பை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. பல அலுவலகங்களில் அது ஆங்கிலத்தில், ஒரு மின்னஞ்சல் முகவரியுடன், கூட்ட அறையின் அருகே தொங்குகிறது. அதையே தமிழில், ஒரு கைபேசி எண்ணுடன், துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையின் கதவிலும் ஒட்டுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.