வளையிகளும் அவற்றின் உடைமையாளரும்

மோட்டார் வண்டியின் உடலை வரைபவருக்கு வட்டமும் பரவளைவும் போதா. 1950களில் களிமண் மாதிரியுருவிலிருந்து வரைபடம், வரைபடத்திலிருந்து அச்சு எனக் கைமாறுந்தோறும் வடிவம் சிறிது திரிந்தது. எண்களால் இயக்கப்படும் வெட்டுப்பொறிகள் வந்தபோது, வளைவையும் எண்களாற் சொல்லவேண்டிய தேவை எழுந்தது.

பிரான்சின் சித்ரோவன் நிறுவனத்தில் பணியாற்றிய இளங் கணிதவியலாளர் போல் டி கஸ்தெல்ஜோ 1959இல் கண்ட வழி மிக எளிது. நான்கு புள்ளிகளை வரிசையாக நேர்கோடுகளால் இணைப்போம். அம்மூன்று கோடுகளின் நடுப்புள்ளிகளை இணைத்தால் இரு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு. அதன் நடுப்புள்ளி வளையியின் மீது கிடக்கும். எல்லாக் கோடுகளையும் வேறொரு விகிதத்திற் பிரித்தால் வேறொரு புள்ளி கிடைக்கும். முதலும் இறுதியுமான புள்ளிகள் வளையியின் முனைகள். இடையிலுள்ள இரண்டும் அதைத் தம்பால் இழுக்குமேயன்றிப் பொதுவாக அதன்மீது கிடப்பதில்லை. கூட்டவும் பாதியாக்கவும் தெரிந்த பள்ளி மாணவனும் செய்யக்கூடிய இக்கணிப்பின் அடியில் இருப்பவை, சேர்ஜி பேர்ன்ஸ்ரைன் 1912இல் முற்றிலும் கோட்பாட்டு நோக்குடன் அமைத்த பல்லுறுப்பிகளே.

பொதுவில் வெளிவந்த அப்பல்லுறுப்பிகளாற் பயன்பெற்ற நிறுவனம், தன் பங்கை மட்டும் தொழில் இரகசியமாக மூடிவைத்தது. 1960களில் றெனோ நிறுவனப் பொறியியலாளர் பியர் பெசியே தனிவழியே அதே வளையிகளை அடைந்து வெளியிட்டார். அவை அவர் பெயரையே பெற்றன. கணிப்பு முறைக்குக் கஸ்தெல்ஜோவின் பெயர் பின்னரே சூட்டப்பட்டது. பெசியேயைக் குறைகூற இதில் ஏதுமில்லை. அறிவைப் பூட்டிவைக்கும் உடைமை முறையே கேள்விக்குரியது என்பது எம் கருத்து. (இன்று கணனியில் அச்சாகும் தமிழ் எழுத்துகளின் விளிம்புகளும் இவ்வகை வளையிகளே.)

பதினாறு புள்ளிகளை நான்குக்கு நான்காக வலைபோல் அமைத்தால், வளையி பரப்புத் துண்டாகும். வண்டியின் கதவுக்கு இது போதும். அசையும் மனித முகத்துக்குப் போதாது. நாற்பக்கத் துண்டுகளை எங்கும் ஒழுங்காக ஒட்டமுடியாது. உருவம் அசையும்போது பொருத்துகளிற் பிளவு தோன்றும். 1978இல் எட்வின் கற்முல்லும் ஜிம் கிளார்க்கும் துண்டுகளை ஒட்டும் வழியையே கைவிட்டனர். எவ்வடிவ வலையாயினும், ஒவ்வொரு முகத்துக்கும் விளிம்புக்கும் புதுப்புள்ளி இட்டு, பழைய உச்சிகளைச் சராசரியால் நகர்த்தி, அதையே மீளமீளச் செய்தால், முரட்டு வலை ஒப்புரவான ஒரே பரப்பை நெருங்கும். இம்முறை திரைக்கு ஏறப் பல ஆண்டுகள் சென்றன. தன்னுடனேயே சதுரங்கம் ஆடும் முதியவரைக் காட்டும் பிக்சார் நிறுவனத்தின் 1997ஆம் ஆண்டுக் குறும்படத்தில், அம்முதியவரின் தோலும் மேலங்கியும் இவ்வாறே உருவாயின.