நோய்க்கு முந்தைய ரத்தம்

அமெரிக்க ராணுவத்தில் சேருகிறவர்களிடம் எச்.ஐ.வி. சோதனைக்காக ரத்தம் எடுப்பார்கள். பணிக்காலத்திலும் அவ்வப்போது எடுப்பார்கள். சோதனை போக மிஞ்சும் சீரத்தைக் கொட்டிவிடாமல் உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். இப்படி எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தம் சேர்ந்துகிடந்த கிடங்கைத்தான் ஹார்வர்டைச் சேர்ந்த கசாண்ட்ரா மங்கர், ஆல்பெர்டோ அஸ்கெரியோ குழுவினர் நாடினார்கள். பிற்பாடு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் வந்த 257 பேரை ஆவணங்களிலிருந்து தேடி எடுத்தார்கள். அந்த நோயின் சுவடே இல்லாத நாட்களில் அவர்கள் கொடுத்திருந்த ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு இருந்தது என்று அளந்தார்கள்.

எம்.எஸ். என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த நோயில், கிருமிகளோடு போராட வேண்டிய வெள்ளணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகின்றன. திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்கும். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். நடை தள்ளாடும். சில வாரங்களில் சரியாகிவிட்டது என்று ஆறுதல்படும்போது மறுபடி வரும். படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று வாழ்க்கை விரிகிற 20 முதல் 40 வயதுக்குள்தான் பெரும்பாலும் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது.

இந்த நோய்க்கும் வெயிலுக்கும் தொடர்பு உண்டு என்ற சந்தேகம் பழையது. பூமத்தியரேகையை விட்டு விலக விலக எம்.எஸ். கூடுகிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளில் லட்சம் பேருக்கு 400 பேர் வரை இந்த நோயோடு வாழ்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வெயில் கொளுத்தும் குயின்ஸ்லாந்தைவிடக் குளிரான டாஸ்மேனியாவில் நோயாளிகள் பல மடங்கு. நார்வேயில் மீன் தின்னும் கடலோர ஊர்களைவிட உள்நாட்டு விவசாயப் பகுதிகளில் நோய் கூடுதல் என்று 1950களிலேயே கண்டிருந்தார்கள். தோலில் வெயில் பட்டால் உண்டாவது, கொழுப்புள்ள மீனில் கிடைப்பது என்று பார்த்தால் இரண்டு தடயமும் வைட்டமின் டியிடம்தான் போய்ச் சேருகின்றன. 1974இல் பால் கோல்ட்பெர்க் என்ற ஆய்வாளர் இதை ஒரு கருதுகோளாகவே எழுதினார்.

ஆனால் எம்.எஸ். வந்தவரின் ரத்தத்தைச் சோதித்து, டி குறைவு, ஆகவே நோய் வந்தது என்று சொல்ல முடியாது. உடம்பு சூடேறினால் இந்த நோயாளிகளுக்கு அறிகுறிகள் மோசமாகும். வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வெளியே போகிற வாய்ப்பும் குறைவு. நோயே டியைக் குறைத்திருக்கலாம். அதனால்தான் நோய்க்கு முந்தைய அந்த ரத்தத்துக்கு அவ்வளவு மதிப்பு.

முடிவு 2006இல் வெளியானது. வெள்ளையர்களில் டி அளவு மிக அதிகமாக இருந்த பிரிவினருக்கு, அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 40 நானோகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு 62 சதவீதம் குறைவு. இருபது வயதுக்கு முன்பு எடுத்த ரத்தத்தில் இந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. பிறவியிலேயே டி அளவைக் குறைக்கும் மரபணு வேறுபாடுகளை வைத்து 2015இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு செய்த ஆய்வும் அதே திசையில் நின்றது.

அதே 2006 ஆய்வில் நமக்கு முக்கியமான இன்னொரு வரி உண்டு. அதை யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. கறுப்பினத்தவரிடமும் ஹிஸ்பானியரிடமும் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. அவர்களில் ஆய்வுக்குக் கிடைத்தவர்கள் குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் கருத்த தோலுள்ள நாம் அந்த வரியைத் தாண்டிப்போகக் கூடாது. இந்தியாவில் வருஷம் பூராவும் வெயில் அடித்தும் டி குறைபாடு சர்வசாதாரணம். சென்னையிலோ மதுரையிலோ மாஸ்டர் செக்அப் முடித்து வருகிறவர்களில் பலர் “டி கம்மியா இருக்காம்” என்று சொல்லித்தான் வருகிறார்கள். ஆனால் எம்.எஸ். இங்கே அரிது. மங்களூர்ப் பகுதியில் எடுத்த கணக்கெடுப்பில் லட்சத்துக்கு எட்டுப் பேர் அளவில்தான் இருந்தார்கள். டி குறைவது மட்டுமே காரணமென்றால் நம் ஊர் நரம்பியல் வார்டுகள் நிரம்பி வழிந்திருக்க வேண்டும். மும்பையில் அதே வெயிலில் வாழும் பார்சிகளிடம் மற்றவர்களைவிட எம்.எஸ். அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மரபணுவின் கை தெரிகிறது. எப்ஸ்டீன் பார் என்ற வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் அபாயம் 32 மடங்கு கூடுகிறது என்று அதே ராணுவக் கிடங்கின் ரத்தமே 2022இல் காட்டியது. டி இந்தக் கூட்டத்தில் ஒரு ஆள், தலைவன் அல்ல.

சரி, நோய் வந்த பிறகு டி மாத்திரை உதவுமா? வழக்கமான கிளாடிராமர் ஊசியோடு தினமும் 5,000 யூனிட் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு, 600 யூனிட் கொடுத்ததைவிட எந்தப் பலனும் இல்லை என்று 2023இல் சொன்னது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆய்விலும் ஏமாற்றமே. பிறகு 2025இல் பிரான்ஸிலிருந்து வேறு செய்தி வந்தது. முதல் அறிகுறி மட்டுமே தோன்றியிருந்த, வேறு தடுப்பு மருந்து தொடங்காதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் யூனிட் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நோய் மறுபடி தலைகாட்டியது இவர்களில் 60 சதவீதத்தினருக்கு. வெற்று மருந்து பெற்றவர்களில் 74 சதவீதத்தினருக்கு. வித்தியாசம் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்ததுதான்; உடம்பில் உணரும் தாக்குதல்களில் நிச்சயமான வேறுபாடு கிடைக்கவில்லை. தொடக்க நிலையில் டிக்கு ஏதோ ஒரு வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதற்காக எம்.எஸ்.ஸைக் கட்டுப்படுத்தும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்தை நிறுத்திவிட்டு டியை நம்பலாம் என்று யாராவது சொன்னால் அது பாவம். அடுத்த தாக்குதலில் போகும் பார்வையும் நடையும் முழுசாகத் திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை.

அளவு மீறினாலும் ஆபத்துதான். நம் மருந்துக்கடைகளில் 60,000 யூனிட் பொட்டலம் கேட்டால் கிடைக்கிறது. வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் உண்டு. டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், வாந்தி, குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகத்தில் போய் முடியும். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும்.

எம்.எஸ்.ஸோ என்ற சந்தேகத்தோடு, கை கால் மரத்து, நடை தடுமாறி வருகிறவருக்கு டியைவிட முதலில் பார்க்க வேண்டியது வைட்டமின் பி12. சுத்த சைவர்களிடமும், தன் எதிர்ப்பு மண்டலமே இரைப்பைச் செல்களைத் தாக்கி பி12 உறிஞ்ச முடியாமல் செய்துவிடும் நோய் உள்ளவர்களிடமும் இது வெகுவாகக் குறையும். அப்படிக் குறைந்தால் தண்டுவடத்தின் மயலின் சிதையும், எம்.எஸ். போலவே தோன்றும். ரத்தசோகை இல்லாமலும் இந்தச் சிதைவு வரலாம் என்பதால் ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைய முடியாது. எம்.எஸ்.ஸில் டி குறைவு ஒரு தடயம். பி12 குறைவோ இந்தச் சிதைவின் காரணமே. சீக்கிரம் கண்டுபிடித்து ஊசி போட்டால் நடை திரும்புகிறது. மாதங்கள் தள்ளிப்போனால் முழுசாகத் திரும்புவதில்லை.