வீட்டு நீர் வடிகட்டியும் ஈரப் பருவமும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் காற்றில் ஈரம் மிகுகிறது. கிணற்று நீரும் ஏரி நீரும் கலங்குகின்றன. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்து, திருப்பதி நகரின் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின. இத்தகைய நாள்களில் மக்கள் வீட்டு வடிகட்டியையே நம்புகின்றனர். ஆயின் பேணப்படாத வடிகட்டி தானே கிருமிகளின் உறைவிடமாகக் கூடும்.

இதன் காரணம் எளிது. குழாய் நீரில் எஞ்சியுள்ள குளோரின், கிருமிகள் பெருகாமல் காக்கிறது. இந்தியத் தர அளவீடான ஐ.எஸ். 10500, இது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் இருக்க வேண்டுமென்கிறது. வடிகட்டியிலுள்ள கரி, தீய மணத்துடன் இக்குளோரினையும் நீக்கிவிடுகிறது. காப்பிழந்த நீர் தொட்டியில் தேங்கும்போது கிருமிகள் வழவழப்பான படலமாகப் படிகின்றன. ஈரக்காற்றில் கழுவிய பாகங்கள் எளிதில் உலராமையால் அப்படலம் மீண்டும் தழைக்கிறது.

ஆகவே மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தொட்டியையும் குழாய்த் திருகையும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கேண்டில் எனப்படும் பீங்கான் உருளையை மென்மையான தூரிகையால் தூய நீரில் தேய்க்கலாம், சோப்பு கூடாது. விரிசல் கண்டால் உடனே மாற்றவேண்டும். இரண்டு நாள் பயன்படுத்தாத நீரைக் கொட்டிவிடுதல் நலம். கரியையும் சவ்வையும் குறித்த காலத்தில் மாற்றவேண்டும். பிளீச்சிங் பவுடர் ஈரம் பட்டால் வீரியம் இழக்கும். அதனைக் காற்றுப் புகாத கலத்தில், இருளான இடத்தில் வைக்கவேண்டும்.

இவ்வட்டாரத்தின் சில ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது. கேண்டிலோ கொதிக்கவைத்தலோ அதனை நீக்காது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அந்நீர் குடிக்கத் தக்கதன்று. எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி அதனைப் பெரும்பாலும் அகற்றும்.

வடிகட்டியின் நிலையை அறிய, 1982இல் இந்திய அறிவியலாளர் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடு புட்டிச் சோதனை உதவும். ஆசிரியரின் மேற்பார்வையில் வடிகட்டுமுன் எடுத்த நீரை ஒரு புட்டியிலும், வடிகட்டிய நீரை மற்றொன்றிலும் நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைக்கவேண்டும். கருநிறம் தோன்றினால் நீரில் மல அசுத்தம் கலந்திருக்கக்கூடும். சோதித்த புட்டியைப் பிளீச்சிங் கரைசலிட்டுக் கிருமி நீக்கிய பின்னரே கொட்டவேண்டும். முதற்புட்டி தெளிவாயிருக்க, இரண்டாவது கறுக்குமாயின் குறை வடிகட்டியிலேயே உள்ளது. அது சீராகும் வரை நீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து, ஆறிய பின்னரே அருந்துமாறு வீட்டாருக்கு அறிவுறுத்தவேண்டும்.