காய்ச்சலோடு நினைவும் தடுமாறினால்...



வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், தலைவலி, வாந்தி. பிறகு வீட்டிலுள்ளவர்களின் பெயரையே மறப்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, எந்நேரமும் தூங்குவது. இப்படி நேர்ந்தால் கண்ணேறு, ஜின் சேட்டை என்று ஓதிப் பார்ப்பதிலேயே நாள்களைக் கடத்துபவர்கள் நம்மிடையே உண்டு. காசநோய் மூளை உறையைத் தாக்கினாலும் இதே அறிகுறிகள்தான் வரும். அதில் தாமதம் உயிருக்கே ஆபத்து.

காசநோய்க் கிருமி பெரும்பாலும் நுரையீரலைப் பாதிக்கும். சிலருக்கு இரத்தத்தின் வழியாக மூளைக்கும் போய்விடும். மூளைக்குள் மைக்ரோக்ளியா என்னும் காவல் செல்கள் இருக்கின்றன. சாதாரண நாள்களில் இவை கழிவுகளை அகற்றும். நினைவுக்கு ஆதாரமான நரம்பு இணைப்புகளைப் பராமரிக்கும். கிருமி நுழைந்ததும் இரசாயனங்களைச் சுரந்து, இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களைத் துணைக்கு அழைக்கும். இந்த எதிர்ப்பு தேவைதான். ஆனால் அளவு மீறினால் மூளை வீங்கும், மூளை நீர் வடியும் பாதை அடைபடும், இரத்தக் குழாய்கள் சுருங்கிப் பக்கவாதமும் வரலாம். நினைவும் புத்தியும் தடுமாறுவது இதனால்தான்.

ஆகவேதான் மருத்துவர்கள் கிருமியைக் கொல்லும் மாத்திரைகளோடு, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தையும் தருகிறார்கள். இதனால் இறப்பு குறைவதை வியட்நாமில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. காய்ச்சல் விட்டதே என்று எந்த மருந்தையும் நாமாக நிறுத்தக் கூடாது. சிகிச்சை ஓராண்டு வரை நீளலாம்.

பிசிஜி தடுப்பூசி பயனற்றது என்று சிலர் சொல்வதற்கு நம் மாவட்டத்தின் பெயரும் ஒரு காரணம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரிய ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. ஆனால் சிறு குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து அது பெருமளவு காக்கிறது என்பதைப் பிற ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. பிறந்த குழந்தைக்குத் தவறாமல் போடுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பகுதியினர் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் நம் அறக்கட்டளையில் சொல்லுங்கள்; இன்ஷா அல்லாஹ், உடன் வருகிறோம்.

மருத்துவம் செய்துகொள்ளும்படி அறிவுறுத்தியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். துஆவும் செய்வோம், மருந்தும் கொடுப்போம்.