ஒரு சிப்பம் அரிசிக்குள் எவ்வளவு டீசல்?



டீசல் விலை ஏறினால் லாரி வாடகை ஏறும், வாடகை ஏறினால் அரிசி விலை ஏறும் என்பது நம் கடைப் பையனுக்கும் தெரியும். ஆனால் எண்ணெய்க் கணக்கு லாரியோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு சிப்பம் அரிசி நம் கடைக்கு வந்து சேரும்வரை எண்ணெயும் எரிவாயுவும் நிலக்கரியும் எங்கெங்கே நுழைகின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.

முதலில் வயல். நான் சிறுவனாக இருந்தபோது உழவுக்கு மாடு, அறுப்புக்கு அரிவாள். இன்று உழவுக்கு டிராக்டர், அறுவடைக்கு இயந்திரம். இரண்டும் டீசல் குடிப்பவை. காவிரித் தண்ணீர் தட்டுப்பட்டால் போர்வெல் மோட்டார் ஓடும். அந்த மின்சாரம் விவசாயிக்கு இலவசம்தான். அதைத் தயாரிக்க எரியும் நிலக்கரி இலவசம் அல்ல. காவிரி வராத ஆண்டில் நம் நெல்லுக்குத் தண்ணீர் இறைப்பதில் நிலக்கரிக்கும் பங்கு உண்டு.

அடுத்தது யூரியா. காற்றிலுள்ள நைட்ரஜனோடு, எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனைச் சேர்த்து அம்மோனியா செய்து, அதிலிருந்து யூரியா செய்கிறார்கள். ஆக, 45 கிலோ யூரியா மூட்டை என்பது எரிவாயுவின் மறுவடிவம். நம் நாட்டுக்குத் தேவையான எரிவாயுவில் ஏறத்தாழ பாதியும், கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன.

கடைசியில் லாரி. தஞ்சாவூரிலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் என்று வைத்தால் 75 லிட்டர். பத்து டன் லோடில் 26 கிலோ சிப்பம் சுமார் 385. சிப்பத்துக்கு ஏறத்தாழ 200 மில்லி டீசல். லாரி காலியாகத் திரும்பினால் அந்தச் செலவும் இதே சிப்பத்தின் தலையில்தான்.

இனி நம் மண்ணின் கதை. நரிமணத்தில் எண்ணெய் எடுத்தார்கள். குத்தாலத்திலும் கோவில்களப்பாலிலும் இங்கே கிடைத்த எரிவாயுவைக் கொண்டே மின் நிலையம் அமைத்தார்கள். 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் போராடினார்கள். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. மண்டலத்துக்குள் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை. ஏற்கெனவே நடப்பவை தொடரலாம். அந்தப் போராட்ட நாட்களில் நானும் கடையடைப்பில் கலந்துகொண்டேன். வயல் போனால் மண்டி ஏது? செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் மறு வருஷமே ஒன்றைக் கண்டேன். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டியில் குடிதண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர்தான் கதி. முந்தின வருஷம் என்னோடு கடையடைத்த பட்டுக்கோட்டைப் பக்கத்து வாடிக்கைக்காரர் ஒருவர், டீசல் கேனோடு பங்கில் நின்றதைச் சொல்லி, "கிணறு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், டீசல் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லையே அண்ணாச்சி" என்றார். அந்த வார்த்தை இன்றும் உறுத்துகிறது. இங்கே கிணறு தோண்டாவிட்டால் வேறு எங்கோ தோண்டியது கப்பலில் வருகிறது. நம் தேவை குறையவில்லை.

மாற்று கண்டுபிடிப்பது ஏன் கடினம்? நம் வீட்டுச் சரக்கான உமியையே எடுத்துக்கொள்வோம். 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. ஒரு காலத்தில் அதைச் சீந்துவாரில்லை. இன்று புழுங்கல் ஆலைகளில் நெல்லை அவிக்கவும் காய வைக்கவும் பாய்லருக்கு உமிதான் எரிபொருள். அதற்கும் விலை உண்டு. ஏறக்குறைய 3 கிலோ உமி எரிந்தால் ஒரு லிட்டர் டீசலின் சூடு கிடைக்கும். ஆனால் அந்த 3 கிலோ உமி, 15 கிலோ எண்ணெய் டின் இரண்டு பிடிக்கிற இடத்தை அடைக்கும். லாரி டாங்கிலும் ஊற்ற முடியாது. டீசலின் பலம் அங்கேதான் இருக்கிறது: கொஞ்ச இடத்தில் நிறைய சக்தி, கெடாமல் இருக்கும், எந்த நேரத்திலும் எடுக்கலாம்.

சூரிய மின்சாரமும் காற்றாலையும் நம் மாநிலத்தில் நன்றாக வளர்ந்திருக்கின்றன. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் குறைவு; காற்றுக்கும் அப்போது சீசன் இல்லை. சேமித்து வைக்கும் பாட்டரி மலிவாகும்வரை நிலக்கரியை அடியோடு விட முடியாது. எனவே ஒரே மாற்று, ஒரே நாளில் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். நம்மால் முடிந்தது சில உண்டு. தனித்தனியே வண்டி பிடிக்காமல் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே லோடாக எடுக்கலாம். திரும்பும் வண்டிக்கும் சரக்கு பேசி வைக்கலாம். பகலில் ஓடும் மாவு மில், அரிசி ஆலை, ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கூரையில் சூரியத் தகடு போட்டால் எத்தனை வருஷத்தில் முதல் திரும்பும் என்று மின் கட்டணச் சீட்டை வைத்துக் கணக்குப் போடலாம். ஊருக்குள் சில்லறை டெலிவரிக்கு பாட்டரி லோடு ஆட்டோ வந்துவிட்டது. நெல் கொண்டுவரும் விவசாயியிடம், நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் யூரியா குறையும் என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, சில மாதங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றிருக்கிறேன். அந்தக் கடைச் சாவி நம் கையில் இல்லை. ஒரே கடையில் கொள்முதல் செய்கிற வியாபாரி அவன் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும். இரண்டாவது கடையைத் தேடி வைப்பது வியாபாரத்தின் பாலபாடம். எரிபொருளுக்கும் அதே பாடம்தான்.