துருவைச் சுரண்டினால் மட்டும் போதுமா?

திருத்தணி மலையைச் சுற்றிலும் செம்மண் நிலங்கள் உள்ளன. அம்மண்ணுக்கு நிறம் கொடுப்பது இரும்பு. மண்ணில் அழகாகத் தோன்றும் அதே இரும்புச் சேர்மங்கள், கலப்பைக் கொழுவிலும் பம்பு செட்டிலும் துருவாக வந்து அமரும்போது உழவருக்குச் செலவு வைக்கின்றன.

துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்டு அடித்த பின்னும், சில கருவிகளில் ஒரு மழைக்காலம் கழிவதற்குள் பெயிண்டு குமிழ்விட்டு உரிவதைக் காணலாம். பெயிண்டு மட்டம் என்று கடைக்காரர் மீது பழி போடுவது வழக்கம். ஆனால் பல சமயங்களில் குற்றம் பெயிண்டினுடையது அன்று. அதன் அடியில் தங்கிவிட்ட உப்பினுடையது.

துருவிலும் வகை உண்டு

துரு என்பது ஒரே பொருள் அன்று. இரும்பும் பிராண வாயுவும் நீரும் கூடிப் பலவகைக் கனிமங்களாகின்றன. மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுள்ளது கோதைட்டு. ஜெர்மானியக் கவிஞர் கோதேயின் பெயரால் வழங்குவது. இதிலுள்ள நீர் வெறும் ஈரம் அன்று. கனிமத்தின் அமைப்பிலேயே பிணைந்திருப்பது. 100 கிலோ தூய கோதைட்டைச் சூளையிலிட்டுச் சுட்டால், ஏறத்தாழ 10 கிலோ நீர் ஆவியாகி, சிவந்த ஹெமடைட்டு எஞ்சும். மஞ்சள் களிமண் சூளையில் சிவப்பதற்கும் இதுவே காரணம்.

இன்னொரு வகை அகாகனைட்டு. ஜப்பான் நாட்டு அகாகனே சுரங்கத்தின் பெயர் கொண்டது. இதன் உள்ளமைப்பு மூங்கில்களைக் கற்றையாகக் கட்டி வைத்தது போன்றது. நெடுக ஓடும் நுண்ணிய குழல்களுக்குள் குளோரைடும் சிறிது நீரும் அடைபட்டுள்ளன. குளோரைடு மிகுந்த இடத்தில்தான் இவ்வகைத் துரு உண்டாகிறது. 2012-ல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி அங்கும் இதனைக் கண்டறிந்தது.

தொல்லை இங்கேதான். நாளடைவில் ஈரம் பட்டு அகாகனைட்டு கோதைட்டாக மாறும்போது, அடைபட்ட குளோரைடு வெளியேறி மீண்டும் இரும்பைத் தாக்குகிறது. குளோரைடு செலவாவதில்லை, அதே உப்பு திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. அகழ்வாய்வில் கிடைக்கும் பழைய இரும்புப் பொருள்களை அருங்காட்சியகத்தார் காரக் கரைசலில் பல நாள் ஊறவைத்து உப்பை நீக்குவது இதற்காகவே.

உப்பு எங்கிருந்து வருகிறது?

கடலோரத்தில் காற்றே உப்பைக் கொண்டு வருகிறது. திருத்தணி போன்ற உள்நாட்டுப் பகுதியிலோ, உவர் கிணற்று நீரும் உரமும் கொண்டு வருகின்றன. மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடே. அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு குளோரைடு. பயிருக்குச் சிறந்த உரமான இதுவே, இரும்புத் தட்டிலும் விதைக்கும் கருவியின் உரப்பெட்டியிலும் ஒட்டிக் கிடந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும்.

துருவைப் போக்க, கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டை ஊற்றுவோரும் உண்டு. அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு உடனே கரைந்து இரும்பு பளபளக்கும். ஆனால் மூலை முடுக்குகளில் குளோரைடைப் புகுத்திவிட்டுப் போகும். நோயைத் தீர்க்க வந்த மருந்தே நோயை விதைத்த கதைதான்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. உரமிட்ட கருவியை அன்றைக்கே நல்ல நீரில் கழுவி வெயிலில் உலர்த்தவும். கிணற்று நீர் உவராயின் மழை நீரோ ஏரி நீரோ நல்லது.

2. துருப்பிடித்த கருவியைக் கம்பித் தூரிகையால் இரும்பு தெரியும் வரை தேய்க்கவும். குழிகளில் தங்கும் துருவே ஆபத்தானது.

3. தேய்த்த பின் நல்ல நீரில் பல முறை கழுவவும். நீரில் சிறிது சலவைச் சோடா கலப்பது உப்பு வெளியேற உதவும். பின்னர் சோடாவும் போக அலசவும்.

4. முற்றிலும் உலர்ந்த பின்னரே ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் பெயிண்டு அடிக்கவும். மண்ணில் உராயும் கொழுவுக்குப் பெயிண்டு நில்லாது. எண்ணெயோ கிரீசோ தடவி வைக்கவும்.

5. பொட்டாஷ் மூட்டைகளை மோட்டார் அறையில் அடுக்க வேண்டாம். சொட்டு நீருடன் உரம் விடுவோர் பிளாஸ்டிக் தொட்டியைப் பயன்படுத்தவும்.

கிணற்று நீரின் உவர்த்தன்மையை அறிய, நீர் மாதிரியை மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஆய்வு செய்யலாம். பயிருக்காகச் செய்யும் அச்சோதனை கருவிகளுக்கும் உதவும். திருவள்ளூர் மாவட்ட உழவர்கள் திரூரிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.

துருவைச் சுரண்டுவது பாதி வேலை. உள்ளிருக்கும் உப்பைக் கழுவுவதே மீதிப் பாதி. ஒரு குடம் நல்ல நீரைச் செலவழிக்கும் உழவர், பெயிண்டுச் செலவையும் புதுக் கருவி வாங்கும் செலவையும் தள்ளிப் போடலாம்.